ஸ்பேனர் வாங்குவதற்கு முன்னால்

நீங்கள் கேட்டிருப்பது இது: பழைய வீடு ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷ்பேசினுக்கு அடியில் எந்நேரமும் ஈரம். இப்படிச் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் ஆளைத் தேடி அலையாமல் நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்று எண்ணம். அதற்கு என்னென்ன கருவிகள் வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் தருகிறேன், ஆனால் உடனே இல்லை. கேள்வியின் கடைசி வரியில், ‘கழற்றிவிட்டு மறுபடி மாட்ட முடியாமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். உங்களுடைய உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. குழாய் வேலையை முறையாகப் படித்து, பிறகு குடியிருப்புக் கட்டடங்களின் பராமரிப்பிலேயே வருடங்களை ஓட்டியவன் நான். வீட்டுக்காரர்கள் பாதியில் தவித்து நின்று என்னைக் கூப்பிட்ட நேரங்களில் கருவி இல்லை என்பது அபூர்வமாகத்தான் காரணமாக இருந்திருக்கிறது. தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாது, அல்லது நிறுத்தியும் நிற்கவில்லை, அல்லது கழற்றிய உருப்படிக்கு மாற்று கையில் இல்லை. இந்த மூன்றும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே சரிசெய்துகொள்ளக்கூடியவை.

ஆகவே முதலில் வெறுங்கையோடு வீட்டை ஒரு சுற்று வாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் வீட்டுக்குள் நுழைகிறது? தெருக் குழாயிலிருந்து நேரே அழுத்தத்தோடு வருகிறதா, மேலே இருக்கும் தொட்டியிலிருந்து இறங்குகிறதா? நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். தொட்டி இருந்தால் அதன் வாயிலும் ஒன்று இருக்கும். குளியலறை, சமையலறைக்கென்று தனித்தனியாகவும் இருக்கலாம். வாஷ்பேசின், சிங்க், ஃப்ளஷ் தொட்டி ஆகியவற்றின் அடியில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பவை ஆங்கிள் வால்வுகள். எந்த வால்வு எதை நிறுத்துகிறது என்று ஒரு தாளில் எழுதி, வால்விலேயே ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் பீய்ச்சும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று எந்த நிச்சயமும் இல்லை.

எழுதி வைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் மூடிப் பார்க்க வேண்டும். வால்வை மூடுங்கள், அதற்கு அப்பால் உள்ள குழாய்களில் தாழ்வாக இருப்பதைத் திறந்துவிடுங்கள். குழாயில் தேங்கியிருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துகொண்டுதான் இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம். சில நிமிடங்களில் அது மெலிந்து, விட்டுவிட்டுச் சொட்டி, நின்றுவிட வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் நூல்போல் ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். வெந்நீரும் குளிர்நீரும் ஒரே குழாயில் கலந்து வரும் மிக்சர் வகையாக இருந்தால் இரண்டு பாதைகளையும் மூட வேண்டும். குளிர்நீரை மட்டும் மூடிவிட்டுக் கழற்றினால் வெந்நீர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர் திரும்பி வரும். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

பழைய வீடு என்றீர்களே, அதனால் வால்வைப் பற்றி இன்னும் கொஞ்சம். இரண்டு வகை பரவலாக இருக்கிறது. கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிக்கொள்வது பால் (பந்து) வால்வு. கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வட்டச் சக்கரத்தைப் பல சுற்று சுற்றி மூடுவது கேட் வால்வு. இதற்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பித்தளைத் தகடு மேலும் கீழும் போய்வருகிறது. பல வருடம் யாரும் தொடாமல் விட்டிருந்தால் தகடு உட்காரும் பள்ளத்தில் சுண்ணாம்பும் துருவும் படிந்துவிடும். சக்கரம் இறுகி நிற்பதைப் பார்த்ததும் ரெஞ்ச் போட்டு முறுக்கத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் தண்டு முறிந்தால் சக்கரம் மட்டும் சும்மா சுழலும், தகடு இருந்த இடத்திலேயே நிற்கும். மூடிய நிலையில் முறிந்தால் வீடு முழுக்கத் தண்ணீர் கிடையாது.

அதற்குப் பதில் மூடும் திசையில் கால் சுற்று, திரும்பத் திறக்கும் திசையில் கால் சுற்று என்று பொறுமையாக ஆட்டிக்கொடுங்கள். படிந்தது உதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகும்போது தண்டைச் சுற்றி ஈரம் கசிந்தால் வால்வு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சக்கரத்துக்குக் கீழே ஒரு சிறிய நட்டு இருக்கிறது. அதன் அடியில் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் திணிப்பு காய்ந்து சுருங்கியிருக்கும். அந்த நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கினாலே கசிவு நின்றுவிடும். இறுக்கிய பிறகும் சக்கரம் கையால் சுற்ற வருகிறதா என்று பாருங்கள். வேலை முடிந்து திறக்கும்போது முழுவதும் திறந்து, அரைச் சுற்று பின்னால் கொண்டுவந்து விடுவது எங்கள் தொழிலில் பழக்கம். அடுத்த முறை இறுகிப்போகாது.

வீட்டுக்குள் நுழையும் முதன்மை வால்வே நிற்கவில்லை என்றால், உங்கள் முதல் வேலை சொட்டும் குழாய் இல்லை, அந்த வால்வுதான். அதை மாற்ற அதற்கும் மேலே எங்காவது தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் பாதையாக இருந்து, தொட்டியைக் காலி செய்ய முடியும் என்றால் கைத்திறன் உள்ளவர் செய்துவிடலாம். தெருக் குழாய் என்றால் வழங்குபவர்களின் வால்வை நீங்கள் தொடக்கூடாது, உரியவர்கள் வந்து மூட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஆளை அழைத்துவிடுங்கள். நல்ல பால் வால்வு ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிறகு வரும் வேலைகள் எல்லாம் பயமில்லாமல் நடக்கும்.

அடுத்தது, உங்கள் வீட்டில் ஓடுவது என்ன குழாய் என்று தெரிந்துகொள்வது. ஒரு சிறிய காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு, பெரும்பாலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். ஒட்டாமல் செம்பு நிறத்தில் இருந்தால் செம்பு. சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருந்து, கத்தி முனையால் சுரண்டினால் வெள்ளிபோல் பளபளத்தால் அது ஈயம். குடிநீர் வரும் பாதையில் அப்படி இருந்தால் பழுதுபார்க்க நினைக்காதீர்கள், மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். பிளாஸ்டிக் என்றால் நிறத்தை நம்பாமல் குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிவிசி, சிபிவிசி, பிபிஆர், பெக்ஸ் எல்லாம் வெவ்வேறு. ஒவ்வொன்றையும் இணைக்கும் முறையும் வேறு. பிவிசி சுமார் 60 டிகிரி வரைதான் தாங்கும், அதனால் வெந்நீருக்கு ஆகாது. சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். பிபிஆர் குழாயைப் பசை போட்டு ஒட்டவே முடியாது, சூடாக்கித்தான் இணைக்க வேண்டும், அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

அளவில்தான் நிறையப் பேர் கடைக்கும் வீட்டுக்குமாக நடக்கிறார்கள். அரை அங்குல மரை (திருகிப் பொருத்துவதற்கான சுருள் பள்ளம்) என்று சொல்வதை அளந்து பார்த்தால் எங்கேயும் அரை அங்குலம் வராது. வெளி மரையின் குறுக்களவு சுமார் 21 மி.மீ. இருக்கும். அதை அளந்துகொண்டு கடையில் போய் 20 மி.மீ. என்று கேட்டால் முக்கால் அங்குலத்தை எடுத்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் அதன் பெயரளவு, அதாவது கடையில் பெயராகச் சொல்லும் அளவு, 20. முக்கால் அங்குல மரையோ அளவுகோலில் சுமார் 26 மி.மீ. காட்டும். பெயரளவு குழாயின் உட்புறத்தை ஒட்டி வைத்தது, நாம் அளப்பது மரையின் வெளிப்புறத்தை, குழப்பம் இவ்வளவுதான். குழாய் வாயில் இருக்கும் சல்லடை மூடிக்கு இந்தக் கணக்கே கிடையாது. வெளி மரை என்றால் 24 மி.மீ., உள் மரை என்றால் 22 மி.மீ. என்பது பரவலான அளவு. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கழற்றிய உருப்படியைக் கையோடு கொண்டுபோங்கள். ஆனால் கழற்றிவிட்டுத்தானே கொண்டுபோக முடியும், அதுவரை வீட்டில் தண்ணீர் இல்லாமல் இருப்பதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கருவிப் பெட்டியில் முதலில் வைக்கச் சொல்லப்போகும் பொருள்.

அது ஸ்பேனர் இல்லை, அடைப்பான். டம்மி என்றோ எண்ட் பிளக் என்றோ கேட்டால் கொடுப்பார்கள். அரை அங்குலத்தில் வெளி மரை உள்ளது இரண்டு, உள் மரை உள்ளது இரண்டு வாங்கி வையுங்கள்; வீட்டில் முக்கால் அங்குல மரை இருந்தால் அதிலும் ஒவ்வொன்று. சுவரிலிருந்து ஒரு குழாயைக் கழற்றினீர்கள், மாற்று சரியாகப் பொருந்தவில்லை, அல்லது பழைய மரை தேய்ந்துபோயிருக்கிறது, கடையும் மூடிவிட்டார்கள். டம்மியின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றி அந்த வாயில் திருகிவிட்டு முதன்மை வால்வைத் திறந்துவிடலாம். அந்த ஒரு குழாய் தவிர வீடு முழுவதும் தண்ணீர் ஓடும். நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிட்டு மறுநாள் யோசிக்கலாம். உங்கள் பயத்துக்கு என்னிடம் இருக்கும் நேரடியான பதில் இந்தச் சிறு உருப்படிதான். அதனுடன் சேர்த்து, எந்த வேலையையும் காலையில், கடைகள் திறந்திருக்கும் நாளில் தொடங்குங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் மாலையில் குழாயைக் கழற்றுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத்தான் எங்களுக்கு அழைப்பு அதிகம்.

இப்போது கருவிகள். வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பேனர் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. ஒன்று திருப்புவதற்கு, மற்றொன்று பிடித்துக்கொள்வதற்கு. நட்டைத் திருப்பும்போது அதற்குப் பின்னால் இருக்கும் பாகத்தை இன்னொரு ஸ்பேனரால் அசையாமல் பிடிக்காவிட்டால், முறுக்கு அப்படியே சுவருக்குள் போய் அங்கே இருக்கும் இணைப்பில் இறங்கும். வெளியே ஒரு வாஷரை மாற்றப்போய் சுவருக்குள் கசிவை உண்டாக்குவது இப்படித்தான். பளபளப்பான பூச்சு உள்ள பாகத்தில் ஸ்பேனரின் வாய் படும் இடத்தில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பற்கள் உள்ள பைப் ரெஞ்ச் இரும்புக் குழாய்க்கு மட்டும். இவற்றோடு தட்டை முனை, நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர்கள், ஹெக்ஸ் (அறுகோண) சாவிகள், ஒரு குறடு, அளவுகோல், பழைய பல் துலக்கி, நல்ல டார்ச், வாளி, துணிகள். வாஷ்பேசினுக்கு அடியில் கை நுழையாத இடத்தில் இருக்கும் நட்டுக்கென்றே நீண்ட கழுத்துள்ள ரெஞ்ச் ஒன்று விற்கிறது. தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். பெட்டியோடு நூறு உருப்படி என்று விற்பவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பாதி ஒருநாளும் வெளியே வராது, மீதி பாதியின் வாய் வளைந்துவிடும்.

உதிரிகளில் பல அளவு ரப்பர் வாஷர்கள், ஓ-ரிங்குகள் (மெல்லிய ரப்பர் வளையங்கள்), ஆங்கிள் வால்விலிருந்து மேலே போகும் வளையக்கூடிய இணைப்புக் குழாய்கள் ஒரு ஜோடி, டெஃப்லான் டேப். டேப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கசிவுகளில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. முதலில் பழைய டேப்பையும் சணலையும் மரையின் பள்ளங்களிலிருந்து பல் துலக்கியால் முழுவதும் எடுத்து, துடைத்து உலர்த்துங்கள். மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். திருப்பிச் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். முனையில் ஒரு மரையை விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். டேப் வாயைத் தாண்டி நீண்டால் கிழிந்த துண்டு உள்ளே போய் வால்விலோ சல்லடையிலோ உட்கார்ந்துகொள்ளும். மரையின் முகடுகள் டேப்புக்கு மேல் தெரியும் அளவுக்கு இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்பதற்கு ஒரே விடை கிடையாது. மெல்லிய டேப்பில் அரை அங்குலத்துக்கு நான்கைந்து சுற்று போதும் என்று வைத்துக்கொள்ளலாம். மரை தளர்வாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வேண்டியிருக்கும், தடிமனான டேப்பாக இருந்தால் குறைவு. திருகி நிறுத்திய பிறகு நேராக வரட்டும் என்று கொஞ்சம் பின்னால் திருப்பிவிடாதீர்கள். பின்னால் திருப்பிய இடத்தில் அடைப்பு விட்டுப்போகும், கழற்றிப் புதிதாகத்தான் சுற்ற வேண்டும்.

டேப் எல்லா மரைக்கும் தேவையில்லை என்பதும் அதே அளவுக்கு நிச்சயம். இணைப்புக் குழாயின் நட்டுக்குள் பாருங்கள், ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை அடைப்பது அந்த வாஷர். மரை அதை அழுத்திப் பிடிக்க மட்டும்தான். அங்கே டேப் சுற்றினால் நட்டு வாஷரை எட்டுவதற்கு முன்பே இறுகிவிட்டதுபோல் தோன்றும், பிறகு சொட்டும். சொட்டுகிறதே என்று இன்னும் சுற்றுவார்கள். இத்தகைய நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று கூட்டினால் முடிந்தது.

உங்கள் சமையலறைக் குழாய்க்கு வருவோம். எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். மூடிய பிறகும் வாய் வழியாகச் சொட்டினால் உள்ளே அடைக்கும் பாகம் தேய்ந்திருக்கிறது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றிக் கசிந்தால் தண்டின் ஓ-ரிங்கோ திணிப்போ போயிருக்கிறது. பல சுற்று சுற்றி மூடுகிற பழைய குழாயாக இருந்தால் அடியில் ரப்பர் வாஷர், எளிதான வேலை. கால் சுற்றில் மூடுவதாக இருந்தால் உள்ளே பீங்கான் வட்டுகள் கொண்ட ஒரு குப்பி இருக்கிறது, கார்ட்ரிட்ஜ் என்பார்கள். அதைப் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது, முழுதாக மாற்றுவதுதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும், பல சமயம் ஒரே நிறுவனத்தின் ஒவ்வொரு மாதிரிக்கும் அது வேறுபடும். அதனால்தான் கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளவும், கழற்றியதைக் கடைக்குக் கொண்டுபோகவும் வற்புறுத்துகிறேன். திருகாணியைத் தொடுவதற்கு முன் சிங்க்கின் துளையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் திருகாணி, நிறமிட்ட சிறு மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், விழுந்தால் நேரே துளைக்குள்தான் போகும். கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துண்டின் மேல் இடமிருந்து வலமாக வையுங்கள்.

புது வாஷர் போட்டும் சொட்டு நிற்கவில்லை என்றால் வாஷர் போய் உட்காரும் பித்தளை வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கீறலோ குழியோ இருந்தால் எந்த வாஷரும் நிற்காது. அதைத் தேய்த்துச் சமன்செய்யும் கருவி உண்டு, ஆனால் சாதாரணக் குழாய்க்கு அந்தப் பாடு தேவையா என்பது சந்தேகம்தான். என்னைக் கேட்டால் குழாயையே மாற்றிவிடச் சொல்வேன்.

வாஷ்பேசின் அடியில் ஈரம் என்பதற்குப் படம் எதுவும் நீங்கள் தராததால் காரணத்தை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். அடியில் உள்ள எல்லாவற்றையும் உலரத் துடையுங்கள். சில மணி நேரம் அந்த பேசினைப் பயன்படுத்தாதீர்கள். பிறகு டிஷ்யூ தாளை ஒவ்வொரு இணைப்பிலும் மேலிருந்து கீழாக ஒற்றிப் பாருங்கள். பயன்படுத்தாமலேயே நனைந்தால் தண்ணீர் வரும் பக்கத்தில் கசிவு, ஏனென்றால் அங்கே அழுத்தம் எப்போதும் இருக்கிறது. உலர்ந்தே இருந்தால் துளையை மூடி பேசினை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு மறுபடி ஒற்றுங்கள். இப்போது நனைந்தால் கழிவு போகும் பக்கம். முதலில் ஈரம் காட்டும் மிக உயரமான புள்ளிதான் குற்றவாளி. கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், தண்ணீர் குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கி வேறெங்கோ போய்ச் சொட்டும்.

கழிவுப் பக்கம் என்றால் வாளியை அடியில் வைத்துவிட்டு வளைவுக் குழாயைக் கழற்றலாம். அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும், பொதுவாக 50 மி.மீ. ஆழத்துக்கு. அந்தத் தேக்கம்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. 1775ஆம் ஆண்டு அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர் கழிப்பிடத்துக்காக எஸ் வடிவ வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வடிவம் மாறியிருக்கிறதே ஒழிய வேலை செய்யும் விதம் மாறவில்லை. அதனால் அடைப்பு வருகிறதே என்று வளைவை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுவது கூடவே கூடாது. பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இறுக்கினால் போதும். ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் நட்டு கீறிக்கொள்ளும், அந்தக் கீறல் சில வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

அடைப்பை எடுக்க ரசாயனத் தூள் போட்டிருந்தால் அந்த வளைவை நீங்கள் கழற்றக் கூடாது, குறைந்தபட்சம் அது முழுவதும் கழுவிப் போகும் வரையிலாவது. அத்தகைய தூளில் இருக்கும் காஸ்டிக் சோடா தண்ணீரோடு சேர்ந்து சூடேறும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். ஒரு ரசாயனம் கேட்கவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது அதைவிட மோசம். பிளீச்சிங் திரவமும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும். முதலில் ரப்பர் கிண்ணத்தால் அழுத்திப் பாருங்கள், பிறகு வளைவைக் கழற்றுங்கள், அதன் பிறகு சுருள் கம்பி. ரசாயனத்துக்கு என் வரிசையில் இடமில்லை.

பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் குழாய் வேலை பார்ப்பதற்கு எளிது, ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான். பிவிசிக்கும் சிபிவிசிக்கும் தனித்தனிப் பசை. பசை என்று சொல்கிறோமே தவிர அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது, அதனால் பரப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். வால்வு முழுதாக மூடாமல் ஒரு சொட்டு வந்துகொண்டிருந்தால்கூட ஒட்டு நிற்காது. முன்னால் வால்வைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயைச் செங்குத்தாக அறுத்து, பிசிரைச் சுரண்டி, பசை போடாமல் ஒரு முறை பொருத்தி, எதுவரை உள்ளே போகிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பசை போட்டதும் கால் சுற்று திருப்பியபடி கோடு வரை செலுத்தி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் குழாய் தானாக வெளியே நழுவப் பார்க்கும். எவ்வளவு நேரம் கழித்துத் தண்ணீர் விடலாம் என்பது பசையையும் குழாயின் அளவையும் அன்றைய வெப்பத்தையும் பொறுத்தது, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். துண்டுக் குழாயில் இரண்டு மூன்று முறை ஒட்டிப் பழகிவிட்டு நிஜமான இடத்துக்குப் போனால் நல்லது.

நீங்கள் தொடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் இருக்கும் கசிவு, பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுக் குழாய், எரிவாயுக் குழாய் எதுவாயினும். தொட்டி உள்ள கீசரில் வெளியே தெரியும் இணைப்புக் குழாயை மாற்றுவது வரை சரி, அதுவும் சுவிட்சை மட்டும் அணைக்காமல் அதன் மின்சாரப் பாதையையே துண்டித்து, தண்ணீர் ஆறிய பிறகு. திரும்பத் தண்ணீர் நிரம்பி வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் ஓடும்வரை மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள், காலித் தொட்டியில் சூடாக்கும் கம்பி கருகிவிடும். அதிலிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள், அது வெடிக்காமல் காக்கும் பாகம். பழைய வீடுகளில் இன்னொன்று உண்டு: மின்சாரத்தின் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இடையில் ஒரு துண்டை வெட்டிப் பிளாஸ்டிக் போட்டால் எர்த் அறுந்துபோகும். குழாயில் அப்படி ஒரு கம்பியைக் கண்டாலோ, தொடும்போது சுரீரென்று உணர்ந்தாலோ எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை வேலையை நிறுத்துங்கள்.

இரும்புக் குழாயைப் பொறுத்தவரை எனக்கே ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான். வெளியே நன்றாகத் தெரியும் மரை உள்ளே தாள்போல் மெலிந்திருக்கக்கூடும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, இரண்டு ஸ்பேனரும் போட்டு, மிதமான பலத்தில் அசைந்தால் சரி. அசையவில்லை என்றால் கைப்பிடியில் நீண்ட குழாயைச் செருகி நெம்புவதற்குப் பதில் அங்கேயே விட்டுவிடுங்கள். அது உடைந்தால் சுவரை இடிக்க வேண்டிவரும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாகத் திறந்தால் குழாயில் அடைபட்ட காற்று முட்டி இணைப்புகளை உலுக்கும். திறப்பதற்கு முன் குழாய் வாயிலிருக்கும் சல்லடை மூடியைக் கழற்றிவிடுங்கள். உதிர்ந்த துருவும் மணலும் முதல் ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடும், பிறகு மாட்டலாம். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ தாளால் அப்போதே ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை ஒற்றிப் பாருங்கள். தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கிறது; ஒரு மாடி உயரத்துத் தொட்டி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதில் கசியாத இணைப்பு, மோட்டார் பம்ப்பின் அழுத்தத்திலோ தெருக் குழாயின் அழுத்தத்திலோ கசியலாம், ஆகவே அந்தப் பாதையில் உள்ளவற்றை அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரத்திலேயே சோதியுங்கள்.

வாஷ்பேசினை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறைக் குழாயைப் பிறகு. பேசினுக்கு ஆங்கிள் வால்வு இருக்கும், தவறினாலும் அந்த ஓர் இடத்தோடு போய்விடும். இரண்டும் முடிந்த பிறகு ஓர் இரவு எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, இல்லையென்றால் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவு வேறெங்கோ இருக்கிறது. முதலில் ஃப்ளஷ் தொட்டியில் சில சொட்டு வண்ண மை விட்டு, இருபது நிமிடம் யாரும் தொடாமல், கீழே கிண்ணத்தில் நிறம் இறங்குகிறதா என்று சோதியுங்கள். இறங்கினால் அடியிலிருக்கும் ரப்பர் மூடியை மாற்ற வேண்டும், அதுவும் உங்களால் முடிகிற வேலைதான்.